சந்தேகங்களுக்கு விளக்கம்: காட்பாடி அம்மாவின் மளிகைச் செலவும் வேளச்சேரி மகளின் மளிகைச் செலவும்

வணக்கம். நம் வேலூரை அடுத்த காட்பாடியிலிருந்து ஓர் அம்மையார் அனுப்பிய கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறேன். "எங்கள் வீட்டில் நான்கு பேர், சென்னை வேளச்சேரியில் இருக்கும் என் மகள் வீட்டிலும் நான்கு பேர். மளிகையும் காய்கறியுமாக எங்களுக்கு மாதம் 7,000 ரூபாயில் முடிகிறது, அவளுக்கு 11,000 ரூபாய் ஆகிறது. சென்னையில் விலைவாசி அவ்வளவு அதிகமா, அல்லது என் மகளுக்குச் சிக்கனம் போதவில்லையா?" என்று கேட்டிருக்கிறார். விலைவாசி பற்றிய சந்தேகத்தையும் மகள் மீதான புகாரையும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டார். அதனாலேயே இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்துப்போனது. நான் மகள் பக்கம்தான் பேசப்போகிறேன் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அம்மையார் கோபித்துக்கொள்ளக் கூடாது.

என் பேச்சுகளைத் தொடர்ந்து பார்த்து வருபவர்களுக்கு நான் எங்கே வருகிறேன் என்பது இதற்குள் தெரிந்திருக்கும். பெருநகரத்தில் பொருளுக்காக நாம் கூடுதலாகக் கொடுப்பது சொற்பம். அந்தப் பொருள் கடைசிப் பத்து கிலோமீட்டரைக் கடந்து வருவதற்கும், அதைச் சிறுகச் சிறுக வாங்குவதற்கும் கொடுப்பதுதான் அதிகம். கடை வாடகையைப் பற்றிய பேச்சிலும் இதைத்தான் சொன்னேன், கேஸ் சிலிண்டர் பற்றிய பேச்சிலும் இதைத்தான் சொன்னேன். இன்றும் அதையே சொல்லப்போகிறேன்.

சோப்பு, தேயிலைத்தூள், பிஸ்கட், பாக்கெட் மசாலா ஆகியவற்றை முதலில் ஒதுக்கிவிடலாம். அவற்றின் உறையிலேயே அதிகபட்ச விலை அச்சிடப்பட்டிருக்கிறது. அந்த விலை காட்பாடிக்கு ஒன்று, வேளச்சேரிக்கு ஒன்று என்று இல்லை. சென்னையின் பெரிய கடைகளில் அதற்கும் கீழே தள்ளுபடி விலையில் கிடைப்பதுண்டு. ஆகவே அந்த 4,000 ரூபாய் வித்தியாசத்தை நாம் வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

அரிசிக்கு வருவோம். இரண்டு வீட்டிலும் பொங்குவது ஆரணி அரிசி என்றே வைத்துக்கொள்வோம். (ஆரணி இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது, 1989இல் பிரிப்பதற்கு முன்பு அது நம் வடஆற்காடு மாவட்டம், என் வாயில் இன்னமும் அப்படித்தான் வருகிறது.) அம்மையார் நம் பக்கத்து வழக்கப்படி மாதத்துக்கு ஒரு சிப்பம், அதாவது ஒரு மூட்டை, இறக்கிக்கொள்வார். அந்தச் சிப்பத்தின் மேல் அச்சிட்டிருக்கும் எடையைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் 26 கிலோ என்று இருக்கும். முன்பெல்லாம் 25 கிலோவாக இருந்த சிப்பத்தில் ஒரு கிலோ எப்படிக் கூடியது? 2022 ஜூலை 18 முதல், எடையிட்டு அடைத்து லேபிள் ஒட்டி விற்கப்படும் அரிசி, பருப்பு, மாவு வகைகளுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி விதிக்கப்பட்டது. ஆனால் 25 கிலோ வரையிலான பைகளுக்குத்தான் அந்த வரி. அதைத் தாண்டிவிட்டால் வரி கிடையாது என்பதால், ஆலைக்காரர்கள் ஒரு கிலோவைச் சேர்த்துப் போட்டுத் தைத்துவிட்டார்கள். மகளுக்கோ வாடகை வீடு, மூன்றாவது மாடி, சமையலறையில் இருவர் நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிப்பத்தை வைக்க இடமும் இல்லை, வைத்தால் வண்டு பிடிக்குமே என்ற பயமும் உண்டு. அவர் 5 கிலோ பையாக வாங்குகிறார். கிலோ 60 ரூபாய் அரிசி என்றால் வரியே 3 ரூபாய் வந்துவிடுகிறது, பை அடைக்கிற கூலி தனி. ஆக, மொத்தமாக வாங்கிச் சேர்த்து வைக்க இடம் உள்ளவருக்கு வரி இல்லை, இடம் இல்லாதவருக்கு உண்டு. இதில் மகளின் சிக்கனம் எங்கே குறைந்தது?

அடுத்தது காய்கறி. கொத்தவால் சாவடியிலிருந்து மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்கு மாறியது 1996இல்; இன்று வரைக்கும் சென்னைக்குக் காய்கறிக் களஞ்சியம் அதுதான். கோலாரிலிருந்தோ மதனப்பள்ளியிலிருந்தோ தக்காளி இருநூறு கிலோமீட்டருக்கு மேல் லாரியில் வருகிறது. ஆனாலும் ஒரே லாரியில் ஆயிரக்கணக்கான கிலோ வருவதால், கிலோவுக்கு விழும் லாரி வாடகை குறைவு. செலவு ஏறுவது அதற்குப் பிறகுதான். ஒரு பேச்சுக்கு, 15 கிலோ பெட்டி ஒன்று மண்டியில் 300 ரூபாய், அதாவது கிலோ 20 ரூபாய் என்று கொள்வோம். வேளச்சேரிக் கடைக்காரர் விடியற்காலையில் குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டியில் ஏற்றிவருகிறார். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, வண்டி வாடகை எல்லாம் சேர்த்துப் பெட்டிக்கு 30 ரூபாய். பெட்டியைக் கவிழ்த்தால் அடியில் நசுங்கியது, வெடித்தது என்று ஒன்றரை கிலோ கழிவு போகிறது. மிச்சமுள்ள பதின்மூன்றரை கிலோ 330 ரூபாயைச் சுமக்க வேண்டும் என்றால், கடை வாசலிலேயே கிலோ 24 ரூபாயைத் தாண்டிவிட்டது. கடை வாடகை, மின்சாரம், ஆள் சம்பளம், மாலைக்குள் வதங்கிப்போவது, அவருடைய லாபம் என்று எல்லாம் சேர்ந்த பிறகு அது 36, 40 என்று நிற்பதில் வியப்பில்லை. அதுவும் போதாதென்று, மகள் கைப்பேசியில் கால் கிலோ கேட்டு, பத்து நிமிடத்தில் வீட்டு வாசலுக்கே வரவழைத்தால், கையாளும் கட்டணம், விநியோகக் கட்டணம் என்று தக்காளிக்குச் சம்பந்தமில்லாத செலவுகள் ரசீதில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. இந்த ஓர் இடத்தில் மட்டும் அம்மையாரின் புகாரில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

ஏலகிரி எக்ஸ்பிரஸில் சென்னைக்கு வேலைக்குப் போய்வரும் நண்பர் ஒருவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவர் பருவத்தில் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயை, அதுதான் 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் அணைக்கட்டுப் பக்கத்துக் கத்தரிக்காயை, முந்தின நாளே வாங்கிப் பையில் கட்டிக்கொண்டுபோய், அலுவலகத்தில் வாங்கின விலைக்கே பிரித்துக் கொடுப்பார். சென்னைக்காரர்கள் அந்த விலையைக் கேட்டு மலைத்துப்போவார்களாம். மலைப்பதற்கு என்ன இருக்கிறது? அவருடைய சீசன் டிக்கெட்டுக்குக் காசு ஏற்கெனவே கட்டியாகிவிட்டது, கடை வாடகை இல்லை, கொண்டுபோனதில் ஒரு காய்கூட மிஞ்சுவதில்லை. கடைசிப் பத்து கிலோமீட்டரின் செலவை எடுத்துவிட்டால் கத்தரிக்காய் சென்னையிலும் நம் ஊர் விலைக்கே கிடைக்கும் என்பதற்கு அவர் பை ஒன்றே போதும்.

2023 ஜூலையில் தக்காளி 100 ரூபாயைத் தாண்டியபோது, தமிழக அரசு சென்னை ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்றதும் நினைவிருக்கலாம். தெருவுக்குத் தெரு இருக்கும் கடை, ஏற்கெனவே சம்பளம் வாங்கும் ஊழியர் என்ற அடிப்படை இருந்ததால்தான் அதை உடனே செய்ய முடிந்தது.

என்னைக் கேட்டால், அம்மையார் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டிருக்கலாம். மகள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் யார் கைக்குப் போகிறது? விளைவித்தவர் கைக்கா? ரிசர்வ் வங்கி 2024இல் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரையின் மதிப்பீட்டின்படி, நுகர்வோர் கொடுக்கும் ஒரு ரூபாயில் விவசாயிக்குச் சேர்வது தக்காளியில் சுமார் 33 பைசா, வெங்காயத்தில் 36 பைசா, உருளைக்கிழங்கில் 37 பைசா. வேளச்சேரியில் 20 ரூபாய் ஏறினாலும் மதனப்பள்ளிக்காரருக்கு அதே விகிதத்தில் ஏறுவதில்லை. அம்மையார் வேலூர் டோல்கேட் உழவர் சந்தையில் வாங்கும்போது, விளைவித்தவரே தராசைப் பிடிக்கிறார், நடுவில் கமிஷன் மண்டி இல்லை. அம்மையார் குறைத்துக் கொடுத்தும் விவசாயிக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது. தராசு பிடிக்கிறவர்களிடமே அவர்கள் வரவு செலவைக் கேட்டுக்கொண்டு வந்து ஒரு தனிப் பேச்சாகவே இதைத் தருகிறேன்.

இப்போதைக்கு மகளுக்கு இரண்டு யோசனைகள். 2020 அக்டோபரிலிருந்து குடும்ப அட்டையைக் கொண்டு தமிழ்நாட்டின் எந்த ரேஷன் கடையிலும் பொருள் வாங்கலாம். அட்டை இன்னும் காட்பாடி முகவரியிலேயே இருந்தாலும், கிலோ 30 ரூபாய்த் துவரம் பருப்பையும் லிட்டர் 25 ரூபாய்ப் பாமாயிலையும் வேளச்சேரியிலேயே வாங்கிக்கொள்ளலாம், விட்டுவிட வேண்டாம். இரண்டாவது, அதே மாடியில் இருக்கும் இன்னொரு வீட்டாரோடு சேர்ந்து ஒரு 26 கிலோ சிப்பம் வாங்கி ஆளுக்குப் பதின்மூன்று கிலோவாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டாருக்கு ஆரணி அரிசி பிடிக்கவில்லை என்றால் அடுத்த கேள்வியை மகளே எனக்கு எழுதட்டும்.