மூச்சு விட இடம் தராத பாட்டுகள்

நேயர்களுக்கு வணக்கம். மைக்கைக் கையில் கொடுத்தால் கூச்சப்படாமல் பாடுகிறவர்கள், ஓரளவு குரல் வளமும் உள்ளவர்கள், ஜப்பானிய பாப்-ராக் பக்கம் போனால் எங்கே மாட்டிக்கொள்வார்கள் என்பதுதான் இன்றைக்குப் பேச்சு. அனிமே பார்த்துப் பார்த்து, மொழி தெரியாமலே அந்தப் பாட்டுகளை முணுமுணுக்கிற பிள்ளைகள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். அவர்களை மனதில் வைத்தே பேசுகிறேன்.

பின்னணி இசையை ஓடவிட்டு நம்மைப் பாட வைக்கும் கரோக்கே இயந்திரத்தின் ஆரம்ப வடிவம் ஒன்றை 1971இல் கோபே நகரில் டாய்சுகே இனோவே உருவாக்கினார். இன்று ஜப்பானில் கரோக்கே என்றால் நாலு நண்பர்கள் சேர்ந்து வாடகைக்கு எடுக்கும் சின்ன அறை. திரையில் பாட்டு வரிகளோடு சுருதிக் கோடும் ஓடும். நீங்கள் பாடும் சுரம் அந்தக் கோட்டில் விழுகிறதா, நீட்டும் இடத்தில் குரல் ஆடுகிறதா, தாளம் பிந்துகிறதா என்று பார்த்து இயந்திரம் நூற்றுக்கு மார்க் போடும். அதனால் ஒரு பாட்டு எவ்வளவு கஷ்டம் என்பது அங்கே சாதாரண ஜனங்களின் பேச்சு. 'ஹை ஏ' வருமா என்று கேட்டுக்கொள்வார்கள். 440 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் ஏ சுரம் அது. ஒரு கட்டையில் பாடும் நம் ஆண் பாடகருக்கு அது மேல் ஸ்தாயி தைவதம். கச்சேரியில் மேல் பஞ்சமத்தில் நின்றாலே நாம் நிமிர்ந்து உட்காருவோம். இவர்கள் தைவதத்தில் குடித்தனமே நடத்துகிறார்கள்.

உயரம் என்றதும் பழைய ரசிகர்கள் எக்ஸ் ஜப்பான் குழுவைச் சொல்வார்கள். 'குரெனாய்' 1989இல் வந்தது. யோஷிகி எழுதினார், டோஷி பாடினார். மெதுவான கிட்டாரோடு தொடங்கி, சட்டென்று டிரம்ஸ் பிய்த்துக்கொண்டு கிளம்பும். டோஷி கடைசிவரை மேலேயே நிற்பார். ஆனாலும் இதை நேர்மையான கஷ்டம் என்பேன். குரல் இருந்தால் பாடலாம், இல்லையென்றால் இரண்டாவது கோரஸில், அதாவது பல்லவி திரும்ப வரும் இடத்தில், குட்டு வெளிப்பட்டுவிடும். கேட்கும்போது சுலபமாகத் தெரிந்து, பாடும்போது காலை வாரிவிடும் பாட்டுகள்தான் ஆபத்தானவை.

கிங் நூ என்ற குழுவின் 'ஹாகுஜிட்சு' அப்படி ஒன்று. 2019இல் வந்தது, அந்த வருடக் கடைசி நாளில் கோஹாகு என்ற பெரிய தொலைக்காட்சிப் பாட்டு நிகழ்ச்சியிலும் பாடப்பட்டது. அதைப் பாடும் இருவரில் ஒருவரான சடோரு இகுச்சி டோக்கியோ கலைப் பல்கலைக்கழகத்தில் குரலிசை படித்தவர். பாட்டின் முதல் வரியையே அவர் கள்ளக்குரலில் (ஃபால்செட்டோ) எடுக்கிறார். பெரிய வாத்தியக் கூட்டம் எதுவும் துணைக்கு இல்லை. மெல்லிசாக, நடுக்கமில்லாமல், உயரத்தில் வந்து உட்கார வேண்டும். குரலைச் சூடேற்றிக்கொள்ள நாலு வரி கூட அவகாசம் கிடையாது. கத்துவது சுலபம், நேயர்களே. உயரத்தில் மெதுவாகப் பாடுவதற்குத்தான் வயிறு வேலை செய்ய வேண்டும்.

அதைச் சமாளித்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம் டைகி ட்சுனெடா நுழைகிறார். அவருடையது தாழ்ந்த, கொஞ்சம் கரகரப்பான குரல். இரண்டு பேரும் மாறி மாறிப் பாடுகிறார்கள். ஒருவர் பாடும்போது மற்றவர் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். கரோக்கே அறையில் நீங்கள் தனியாள். மேலே இருந்து கீழே, கீழே இருந்து மேலே என்று இரண்டு பேரின் வேலையையும் ஒரே தொண்டையில் பார்க்க வேண்டும். சுருதியைக் குறைத்துப் பாடலாமே என்றால், மேல் பகுதி வசதியாகும், ட்சுனெடாவின் பகுதி பாதாளத்துக்குப் போய்விடும். இதைத் தனியாகப் பாடாதீர்கள், ஒரு நண்பரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்பதே என் கட்சி.

அதே 2019இல் வந்தது ஒஃபிஷியல் ஹிகே டான்டிஸம் குழுவின் 'பிரிட்டெண்டர்'. பாடுகிற சடோஷி புஜிஹாரா முன்பு ஷிமானே வட்டாரத்தில் வங்கி வேலை பார்த்தவர். பியானோவுக்கு முன்னால் உட்கார்ந்து, பேசுகிற மாதிரி ஏ சுரத்துக்கு மேலே போய்வருகிறார். கேட்பவருக்கு அவர் சிரமப்படுவதே தெரியாது, அதுதான் பொறி. நெஞ்சுக் குரலின், அதாவது நாம் பேசும் கனமான குரலின், கனத்தை அப்படியே மேலே தூக்கிக்கொண்டு போனால் கோரஸில் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஏறும்போதே குரல் நாண்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மெலிதாக்கி, நெஞ்சுக் குரலுக்கும் கள்ளக்குரலுக்கும் நடுவில் ஒரு கலவையில் பாட வேண்டும். 'மிக்ஸ் வாய்ஸ்' என்று ஜப்பானியப் பாட்டு வாத்தியார்கள் ஓயாமல் சொல்வது இதைத்தான். மிஸஸ் கிரீன் ஆப்பிள் குழுவின் மோடோகி ஓமோரி இன்னும் ஒரு படி மேல். ஒரு வரியின் நடுவில் ஓரிரண்டு சுரங்களுக்கு மட்டும் கள்ளக்குரலுக்குத் தாவித் திரும்பிவிடுவார்.

சரி, தலைப்புக்கு வருகிறேன். இன்றைய ஜப்பானியப் பாட்டுகள் பலவற்றில் மூச்சு வாங்க இடமே இல்லாமல் போனதற்கு ஒரு காரணம், அவற்றின் பூர்வீகத்தில் மனிதக் குரல் இல்லை. 2007 ஆகஸ்ட் 31இல் க்ரிப்டன் ஃப்யூச்சர் மீடியா என்ற நிறுவனம் 'ஹட்சுனே மிகு' என்ற குரல் மென்பொருளை வெளியிட்டது. மெட்டையும் வரிகளையும் கணினியில் எழுதினால் போதும், அது பாடும். அதற்கு நுரையீரல் கிடையாது. வீட்டில் உட்கார்ந்து மெட்டுப் போட்ட இளைஞர்கள் இதை நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். காஸ்மோ என்பவர் நிமிடத்துக்கு 240 தாள அடி வேகத்தில் 'ஹட்சுனே மிகுவின் மறைவு' என்று பொருள்படும் ஒரு பாட்டைச் செய்தார். அசைகள் சரமாரியாகக் கொட்டும். விடுவார்களா? நிகோ நிகோ டோகா என்ற ஜப்பானிய வீடியோ தளத்தில் அதையும் வாயால் பாடிப் பதிவேற்ற ஆட்கள் வந்துவிட்டார்கள்.

இப்படி இயந்திரத்துக்கு மெட்டுப் போட்டுப் பழகியவர்கள்தான் பின்னால் மனிதர்களுக்கும் எழுத வந்தார்கள். இன்று பாடகராகவும் பாட்டு எழுதுகிறவராகவும் இருக்கும் கென்ஷி யோனெசு அந்தக் காலத்தில் 'ஹாச்சி' என்ற பெயரில் எழுதியவர். யோவாசோபி என்ற இருவர் குழுவுக்கு மெட்டுப் போடும் அயாசேயும் அங்கிருந்து வந்தவரே. யோவாசோபியின் முதல் பாட்டு 'யோரு நி காகெரு', 2019 டிசம்பர். பாடகி இகுரா அதைத் தண்ணீர் ஓடுவது போலப் பாடுகிறார். வரிகளைத் தாளில் எழுதி, மூச்சு எங்கே என்று பென்சிலால் குறித்துப் பாருங்கள். ஒரு வரி முடியுமுன்பே அடுத்தது வாசலில் நிற்கும். அதோடு விடாமல் கடைசிப் பகுதியில் சுருதியும் மாறும். 2023இல் வந்த 'ஐடல்' நிமிடத்துக்கு 166 தாள அடி. இனிப்பான பாப் குரல், நடுவில் இருட்டான ராப், உடனே மறுபடி உயரமான கோரஸ். மூன்று பெண்கள் பாடுகிறார்களோ என்று தோன்றும், ஒரே ஆள்தான்.

இந்த மாதிரிப் பாட்டுகளுக்கு எனக்குத் தெரிந்த வழி ஒன்றே. மெட்டைத் தள்ளி வைத்துவிட்டு, பாதி வேகத்தில் வரிகளைத் தாளத்தோடு பேசிப் பழகுங்கள். பெரிய மூச்சுக்கு ஏங்காதீர்கள். வாயைத் திறந்து விலாவை விரித்தால் கண் இமைக்கும் நேரத்தில் குட்டி மூச்சு ஒன்று தானாக உள்ளே வரும். அது எங்கெங்கே என்று முடிவு செய்துவிட்டு அப்புறம் மெட்டைத் தொடுங்கள்.

பாடகி அடோவைச் சொல்லாமல் விட முடியாது. ஆரம்ப நாட்களில் வீட்டுத் துணி அலமாரிக்குள் உட்கார்ந்து பாட்டுப் பதிவு செய்த பெண். பதினெட்டு வயது முடிவதற்கு முந்தைய நாள், 2020 அக்டோபர் 23இல் 'உஸ்ஸேவா' வந்தது. மெட்டு ஷூடோ, அவரும் மிகுவின் பள்ளிக்கூடத்தில் படித்தவர்தான். பெரியவர்களைப் பார்த்து எரிந்து விழுகிற பாட்டு. அதில் பேச்சு, உறுமல், கள்ளக்குரலுக்குத் திடீர்த் தாவல் எல்லாம் அடுத்தடுத்து வரும். அந்த உறுமலைத்தான் எல்லோரும் தப்பாகச் செய்கிறார்கள். தொண்டையை இறுக்கிக் கத்துவதல்ல அது. குரல் நாண்களுக்குச் சற்று மேலே இன்னொரு ஜோடி மடிப்பு உண்டு. அது சேர்ந்து அதிரும்போதுதான் அந்தக் கரகரப்பு பிறக்கிறது. வரியின் முதல் எழுத்தில் மட்டும் லேசாகத் தூவினால் போதும். பாடியபின் தொண்டை அரித்தாலோ குரல் கம்மினாலோ அன்றைக்கு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உச்சரிப்பில் தமிழ் பேசுகிறவருக்கு ஒரு சௌகரியம், ஒரு தொந்தரவு. குறில் நெடில் அவர்களுக்கும் உண்டு, அதனால் ஓசையின் நீளம் நமக்குச் சட்டென்று பிடிபடும். ஆனால் நம் இலக்கணத்தில் மெய்யெழுத்துக்கு அரை மாத்திரைதான். ஜப்பானியத்தில் 'ன்' முழு மாத்திரை வாங்கிக்கொள்ளும், பாட்டில் தனிச் சுரமே பிடித்துக்கொள்ளும். ஜப்பானைக் குறிக்கும் 'நிஹொன்' என்றால் மூன்று அடி. 'உஸ்ஸேவா'வில் அந்த முதல் 'ஸ்' கூட ஒரு முழு அடி. அதை விழுங்கினால் பாட்டின் குத்தே போய்விடும். கர்நாடக சங்கீதம் பயின்றவர்களுக்கு இன்னொன்று: சுரத்தை அசைக்காதீர்கள். கமகம் அழகுதான், திரையில் ஓடும் கோட்டுக்கு அது புரியாது.

கடைசியாக, எதை யார் பாடுவது? ஆண் குழுக்கள் இவ்வளவு உயரத்தில் பாடுவதில் பெண்களுக்கு லாபம். 'பிரிட்டெண்டர்' மாதிரிப் பாட்டைப் பல பெண்கள் மூலச் சுருதியிலேயே எடுக்கலாம். அடோவையும் இகுராவையும் பாட ஆசைப்படும் ஆண்கள் இயந்திரத்தில் சுருதிப் பொத்தானை நாலைந்து முறை கீழே அழுத்திக்கொள்ளட்டும். ஜப்பானில் அதை யாரும் குறைவாக நினைப்பதில்லை, பொத்தானே அதற்குத்தான் இருக்கிறது. 'குரெனாய்' மட்டும் ராத்திரியின் கடைசிப் பாட்டாக இருக்கட்டும். அதற்குப் பிறகு வேறு எதுவும் பாட வராது.

நன்றி, வணக்கம்.