வனேடியம் 51: நியூட்ரானுக்குத் தட்டுப்படாத உலோகம்

நேயர்களுக்கு வணக்கம். மெக்கானிக் கடையில் நல்ல ஸ்பேனர் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். பல ஸ்பேனர்களின் கைப்பிடியில் குரோம் வனேடியம் என்று பொறித்திருக்கும். எஃகோடு கொஞ்சமாகச் சேர்த்திருக்கிற அந்த வனேடியத்தின் அணுக்கருவைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

இயற்கையில் கிடைக்கும் வனேடியத்தில் 99.75 சதவீதம் ஒரே ஐசோடோப்புதான், அதாவது நியூட்ரான் எண்ணிக்கையும் ஒன்றாகவே இருக்கிற ஒரே வகை அணு. 23 புரோட்டான், 28 நியூட்ரான், மொத்தம் 51. தானாகச் சிதையாத, நிலையான கரு. இதில் 28 என்ற எண்ணை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் அது மறுபடி வரும்.

அணுக்கருக்களில் சில எண்ணிக்கைகளுக்குத் தனி உறுதி உண்டு: 2, 8, 20, 28, 50, 82, 126. இவற்றை மாய எண்கள் என்பார்கள். இவை ஏன் வருகின்றன என்று விளக்கப் பார்த்தபோது 20 வரைக்கும் கணக்கு ஒழுங்காக வந்தது. 28-இல் உதைத்தது. 1940-களின் கடைசியில் சிகாகோவில் இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர் இயற்பியலாளர் மரியா கெப்பர்ட் மேயர். பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பொறுப்பு இருந்தது, சம்பளம் கிடையாது. இதை நான் எங்கே பேசினாலும் சொல்லாமல் விடுவதில்லை.

ஒருநாள் அவர் இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மியோடு இதைப் பேசிக்கொண்டிருக்கும்போது ஃபெர்மிக்குத் தொலைபேசி அழைப்பு வருகிறது. எழுந்து போகிறவர், போகிற போக்கில் ஒரு கேள்வி கேட்கிறார். துகள் தன்னைத்தானே சுற்றுகிறது, கருவுக்குள்ளும் சுற்றிவருகிறது. இந்த இரண்டு சுழற்சிக்கும் ஒன்றோடொன்று பிணைப்பு இருப்பதற்கு ஏதாவது அறிகுறி உண்டா? அவ்வளவுதான் கேள்வி. ஃபெர்மி திரும்பி வருவதற்குள் மேயருக்கு முழு விடையும் கிடைத்துவிட்டது. மகளுக்கு அதை அவர் வால்ட்ஸ் நடனத்தை வைத்து விளக்கினாராம். ஜோடிகள் அறையைச் சுற்றிவருகிறார்கள், அதே நேரம் தாங்களும் சுழல்கிறார்கள். இரண்டும் ஒரே திசையில் இருந்தால் ஆடுவது சுலபம், எதிர்த்திசையில் இருந்தால் சிரமம். கருவுக்குள்ளும் அப்படித்தான்: ஒரே திசைக்காரர்களுக்கு ஆற்றல் குறைவு, அவர்கள் தனிக் கூடாக, அதாவது தனி ஆற்றல் அடுக்காகப் பிரிந்து நிற்கிறார்கள். 20-க்கு மேலே அப்படிப் பிரிகிற கூட்டில் 8 இடம். 20-உம் 8-உம் 28! 1949-இல் வெளிவந்த தன் கட்டுரையில் ஃபெர்மியின் அந்தக் கேள்விக்கு மேயர் நன்றி சொல்லியிருக்கிறார். ஜெர்மனியில் ஹான்ஸ் யென்சன் என்ற இயற்பியலாளரும் தனியாக இதே முடிவுக்கு வந்தார். 1963-இல் இருவருக்கும் நோபல் பரிசு.

சரி, நம் வனேடியத்துக்கு வருவோம். அதன் 28 நியூட்ரான்களும் அந்தக் கூட்டை நிரப்பி, அசையாமல் உட்கார்ந்துவிடுகின்றன. புரோட்டான்களில் 20 அடங்கிவிடும். மீதி மூன்றே மூன்று. கருவின் குணம் பெரும்பாலும் இந்த மூன்றின் கையில்தான். கருவின் தற்சுழற்சி 7/2 என்பதும் இவற்றால் வந்ததுதான். கரு ஒரு குட்டிக் காந்தம் மாதிரி; அந்தக் காந்த வலிமையைச் சொல்லும் காந்தத் திருப்புத்திறனும் பெரியது, அதற்கான அலகில் 5.15 அணுக்கரு மேக்னெட்டான். அதனால் கருக்களின் காந்தத்தன்மையை வைத்துப் பொருளை ஆராயும் என்.எம்.ஆர். கருவிகளில் நல்ல, தெளிவான சைகை தரும்.

நான் நெடுநாள் மனம் பறிகொடுத்தது இந்த 7/2-இன் இன்னொரு விளைவில். ஒரு நியூட்ரான் வந்து மோதும்போது அதன் தற்சுழற்சி கருவினுடையதோடு சேர்ந்து நிற்கலாம், எதிர்த்தும் நிற்கலாம். 16-இல் 9 பங்கு சேர்ந்த நிலை, 7 பங்கு எதிர்நிலை. மோதிய நியூட்ரான் அலையாகச் சிதறும்; ஒன்றில் அந்தச் சிதறல் நேர்க்குறி, மற்றதில் எதிர்க்குறி. கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய பூஜ்யம்! இப்படி ஈடாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை, தற்செயலாக அமைந்தது. ஆனால் பலனைப் பாருங்கள். நியூட்ரான்களை வைத்துப் படிகத்தின் அமைப்பை ஆராயும்போது, சிதறிய நியூட்ரான்கள் சில கோணங்களில் மட்டும் குவிந்து கோடுகளாகத் தெரியும்; படிகத் தூளை வைக்கும் பாத்திரம் மற்ற உலோகம் என்றால் அதுவும் தன் கோடுகளைச் சேர்த்துவிடும். வனேடியத்தின் கோடுகளோ கண்ணுக்கே தெரியாத அளவு. இப்படி ஈடாவது கோடுகளைத் தருகிற சிதறல் மட்டும்தான்; மிச்சமிருக்கும் சிதறல் எல்லாப் பக்கமும் கிட்டத்தட்டச் சமமாகப் பரவுவதால், உணர்கருவிகளைச் சரிபார்க்கவும் வனேடியத் தண்டைத்தான் வைக்கிறோம்.

அந்தப் பாத்திரத்தை நீங்கள் பார்க்க வேண்டும். விரல் தடிமனில் சாம்பல் நிறக் குழாய். சுவர் அவ்வளவு மெல்லிசு, கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே நசுங்கிவிடும். தூளைக் கொட்டி, தட்டித் தட்டி இறக்கி, மூடியைத் திருகி நியூட்ரான் கற்றைக்கு முன்னால் வைப்போம். வெளியே எடுத்தவுடன் தொடக் கூடாது. நியூட்ரானை விழுங்கிய கரு வனேடியம் 52 ஆகியிருக்கும். அது பீட்டா கதிரை விட்டுக் குரோமியமாக மாறும். அரை ஆயுள் 3.74 நிமிடம். கதிர்மானியைப் பக்கத்தில் கொண்டுபோனால் படபடவென்று அடிக்கும். அரை மணி நேரம் பொறுத்தால் வனேடியத்தால் வந்தது 200-இல் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். அப்புறம் உள்ளே இருக்கும் தூளுக்கு மட்டும் தனியாக அளந்து பார்த்துவிட்டுக் கையுறையோடு எடுக்கலாம்.

நிலையத்தார் நேரத்தைக் காட்டுகிறார்கள். மருத்துவத்தில் சிவப்பணுக்களின் ஆயுளை அளக்கப் பயன்படும் குரோமியம் 51 பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். அது சிதைந்து வனேடியம் 51 ஆகும். மருத்துவர்கள் அளக்கிற, 320 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள காமா கதிர் நம் வனேடியக் கருவிலிருந்துதான் வருகிறது. இன்னொன்று, அந்த 3.74 நிமிடச் சிதைவையே பயன்படுத்தி, வெளி மின்சாரம் இல்லாமல் அணு உலைக்குள் நியூட்ரான்களை அளக்கும் வனேடிய உணர்கருவிகள் உண்டு. கனடாவின் காண்டு வகைக் கனநீர் உலைகளில், எந்தப் பகுதியில் நியூட்ரான் எவ்வளவு என்று வரைபடமாக்குவது இவற்றை வைத்துத்தான். வணக்கம்.