அஞ்சலி மட்டும் போதாது, கோப்புகளைத் திறக்க வேண்டும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். இனப்படுகொலை குறித்துப் பல்கலைக்கழகங்கள் பொதுமக்களுக்கு நடத்தும் நிகழ்ச்சிகளில் முதலிடம் அஞ்சலிக்கா, ஆய்வுக்கா? இதுதான் இன்றைய வழக்கு. "மாண்டவர் முன் மௌனமே மரியாதை, அங்கே ஆவணத்தை அலசுவது ஈரமில்லாத வேலை" என்றார் எதிரணித் தலைவர். அந்த மௌனத்தில் யார் விடுபட்டுப் போனார்கள் என்று பாருங்கள்.

ஐரோப்பாவின் சிறுபான்மையினரான ரோமா, சிந்தி மக்களையும் (நம் நாட்டுச் சிந்திகள் அல்ல) நாஜிகள் இனத்தின் பெயரால் கொன்றார்கள். 1944 ஆகஸ்ட் 2 இரவு, நாஜிகளின் கொலை முகாமான ஆஷ்விட்ஸில் அவர்களின் குடும்ப முகாமில் எஞ்சியிருந்தவர்களை நச்சுவாயு அறைகளுக்கு அனுப்பினார்கள். ஆனால் 1956-இல் மேற்கு ஜெர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றம் என்ன சொன்னது? 1943-க்கு முன் அவர்களுக்கு நேர்ந்தது இனவழித் துன்புறுத்தல் ஆகாது என்றது. அதைக் காட்டியே பலருக்கு இழப்பீடு மறுக்கப்பட்டது.

நாஜி ஆட்சியில் அந்த மக்களின் உடலை அளந்து, வம்சாவளி எழுதி, இனம் பிரித்த கோப்புகள் போருக்குப் பின் எங்கே இருந்தன தெரியுமா? ஒரு பகுதி ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில்! அவற்றை வைத்து ஆய்வும் தொடர்ந்தது. 1980-இல், நாஜி வதைமுகாம் இருந்த டாஹாவின் நினைவிடத்தில் சிந்திகள் உண்ணாவிரதம் இருந்தபோது, தங்களைப் பற்றிய காவல்துறைக் கோப்புகள் என்ன ஆயின என்று கேட்டார்கள். 1981-இல் டூபிங்கன் பல்கலைக்கழகக் காப்பகத்திலேயே போய் அமர்ந்து போராடினார்கள். அதன் பிறகுதான் அந்தக் கோப்புகள் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்துக்குப் போயின. 1982-இல் மேற்கு ஜெர்மன் அரசு இனப்படுகொலையை ஒப்புக்கொண்டது. நினைவிடத்தில் நின்றபோதும் அந்த மக்கள் கேட்டது கோப்புகளைத்தான், நடுவர் அவர்களே!

சரி, நிகழ்ச்சியை எப்படி நடத்துவது? இரண்டு மணி நேரம் இருந்தால் உரைக்கு 25 நிமிடம் போதும். பாதி நேரம் மேசைக்கு எட்டுப் பேராக ஆவணம் வாசிக்கட்டும். ருவாண்டா அடையாள அட்டையின் நகலைக் கொடுங்கள். 1930-களில் பெல்ஜிய நிர்வாகம் அதில் ஹுட்டு, துட்சி, துவா என்று இனத்தை எழுத வைத்தது. 1994-இல் துட்சிகள் இனப்படுகொலை செய்யப்பட்டபோது, சாலைத் தடுப்புகளில் அந்த ஒரு வரிதான் உயிரைத் தீர்மானித்தது. பக்கத்திலேயே, ரோஹிங்கியா முஸ்லிம்களை அங்கீகரித்த இனங்களில் சேர்க்காத மியான்மரின் 1982 குடியுரிமைச் சட்டத்தை வையுங்கள். 2017-இல் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் வங்கதேசத்துக்கு ஓட நேர்ந்ததன் வேர் அதில் தெரியும். யார் வழங்கியது, எந்தச் சட்டப்படி, யாருடைய பெயர் அதில் இல்லை? இந்த மூன்று கேள்விகளை மேசைதோறும் கேளுங்கள்.

சாட்சியக் காணொளியை மூன்று நிமிடமாக நறுக்காதீர்கள். நறுக்குபவர் அழுகையைத்தான் வைத்துக்கொள்வார். பட்டியல் எழுதிய எழுத்தரும், கொண்டுபோகப்பட்டவர்களின் வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்ட அண்டை வீட்டாரும் வெட்டுப்பட்டுப் போவார்கள். பத்துப் பன்னிரண்டு நிமிடமாவது தொடர்ந்து ஓடட்டும். கொன்றவர்களே எடுத்த படங்களைச் சுவரொட்டியில் போடாதீர்கள். அது அவர்கள் பார்த்த பார்வை, இறந்தவர் அதற்கு இசையவில்லை. பார்வையாளர்களைக் கைதிகளாக நடிக்கவிடுவது இன்னும் மோசம். அரைமணி நேர நடிப்பு, அந்தத் துயரம் தனக்குப் புரிந்துவிட்டது என்ற பொய்யான நிறைவைத் தந்துவிடும். உயிர்தப்பியவர் வந்தால் கேள்விகளைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். ஒலிவாங்கியை அவையில் சுற்றவிட்டால், யாராவது ஒருவர் அவரிடமே ஆதாரம் கேட்பார்.

எதிரணியில் ஒருவர், "எண்ணிக்கையை அலசினால் துயரங்களுக்குள் போட்டி வரும்" என்றார். நல்ல அச்சம்தான். ஆனால் அந்தப் போட்டியை நிறுத்துவதும் ஆய்வே. ஐ.நா.வின் 1948 இனப்படுகொலை உடன்படிக்கை, தேசிய, இனக்குழு, இன, மதக் குழு ஒன்றை முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கத்தைத்தான் கேட்கிறது. இத்தனை பேர் சாக வேண்டும் என்று அது எங்கும் சொல்லவில்லை. போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் 1995-இல் கொல்லப்பட்ட முஸ்லிம்கள் எண்ணாயிரத்துக்கும் மேல். அதை இனப்படுகொலை என்று 2007-இல் சர்வதேச நீதிமன்றம் தீர்மானித்தது அந்த நோக்கத்தை வைத்துத்தான். பெரிய எண்ணிக்கை இல்லாத சிறுபான்மையினர் அரங்குக்கு வந்து தங்கள் வழக்கைச் சொல்ல இந்த ஒரு வரி போதும். அந்த வரியை மௌனத்தில் எப்படி வாசிப்பது?