வெட்டிய இடத்தில் என்ன இருந்தது?

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் நியூஜெர்சியில் ஓர் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அமெரிக்க அரசியல் பாடம் எடுக்கிறேன். 2024ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் தேதி அட்லாண்டாவில் பைடனும் டிரம்பும் அதிபர் தேர்தலுக்காக நேருக்கு நேர் விவாதம் செய்தபோது எங்களுக்குக் கோடை விடுமுறை. ஜூலை 21ஆம் தேதி பைடன் போட்டியிலிருந்து விலகியபோதும் விடுமுறைதான். செப்டம்பரில் பள்ளி திறந்ததும், நடந்ததையெல்லாம் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். தேவையே படவில்லை. பிள்ளைகளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. 15 விநாடி, 30 விநாடி என்று எல்லாமே துண்டு துண்டாக. விவாதத்தை முழுதாகப் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்றேன். இரண்டு கைகள்தான் எழுந்தன.

இந்தச் சின்ன வீடியோக்களை வகுப்புக்குள்ளேயே விடக்கூடாது என்று நினைக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் நான் விடுகிறேன். தினம் ஒன்றாவது காட்டுகிறேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எந்த வீடியோவும் சின்னதாக இருக்கிறது என்றால் அதிலிருந்து எதையோ விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். விட்டது எது என்று தேடத் தொடங்கினால் அங்கேதான் அரசியல் பாடம் இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஒன்றைச் சொல்கிறேன். காதால் கேட்க வேண்டிய விஷயம் என்பதால் வானொலிக்கும் பொருத்தமானது.

2004 ஜனவரி 19, அயோவா மாநிலம். ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்பதற்கான முதல் சுற்று அங்கே நடந்தது. வெர்மான்ட் மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் ஹோவர்ட் டீன் முன்னணியில் இருப்பவராகப் பேசப்பட்டவர். முடிவு வந்தபோது ஜான் கெர்ரி முதலிடம், ஜான் எட்வர்ட்ஸ் இரண்டாமிடம், டீன் மூன்றாமிடம். இரவு தன் ஆதரவாளர்கள் முன்னால் வந்து நின்றார். சோர்ந்துபோன தொண்டர்களுக்குத் தெம்பு கொடுக்க, நியூ ஹாம்ப்ஷயருக்குப் போகிறோம், சவுத் கரோலினாவுக்குப் போகிறோம் என்று மாநிலங்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக் குரலை ஏற்றிக்கொண்டே போய், கடைசியில் வெள்ளை மாளிகையைப் பிடிப்போம் என்று ஒரு கத்துக் கத்தினார். அவ்வளவுதான். அந்தச் சில விநாடிகளை அடுத்த நான்கு நாளில் அமெரிக்கத் தொலைக்காட்சிகள் 600 தடவைக்கு மேல் ஒளிபரப்பின. மனிதர் நிதானம் தவறிவிட்டார், இவர் எப்படி அதிபராக முடியும் என்று நாடே சிரித்தது.

இதை வகுப்பில் போட்டால் என் பிள்ளைகளும் சிரிக்கிறார்கள். சிரித்து முடிக்கட்டும் என்று விட்டுவிடுவேன். அப்புறம் அதே நிமிடத்தை, கூட்டத்துக்குள் நின்ற ஒருவர் எடுத்த வீடியோவில் போடுவேன். அதில் டீனின் குரலே சரியாகக் கேட்காது. ஒரே இரைச்சல். தொண்டர்கள் போடும் கூச்சலில் அவர் கத்துவது அமுங்கிப் போகிறது. அந்த அறையில் இருந்தவர்களுக்கு அது கத்தலாகவே படவில்லை.

என்ன நடந்தது? டீன் கையில் இருந்தது, சுற்றுப்புற இரைச்சலை வடிகட்டிப் பேசுபவர் குரலை மட்டும் எடுக்கும் மைக். தொலைக்காட்சிகளுக்குப் போனது அந்த மைக்கின் ஒலி. யாரும் பொய் சொல்லவில்லை, எதையும் ஒட்டவில்லை. கூட்டத்தின் சத்தம் மட்டும் காணாமல் போயிற்று. இப்போது நான் பேசிக்கொண்டிருக்கும் இந்த மைக்கும் அந்த வேலையைத்தான் செய்கிறது. வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனால் உங்களுக்குக் கேட்காது. நான் அமைதியான ஒரு உலகத்தில் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும்.

இரண்டாவது வீடியோ முடிந்ததும் வகுப்பில் ஓர் அமைதி வரும் பாருங்கள், அதற்காகவே ஆண்டுதோறும் இந்தப் பாடத்துக்குக் காத்திருக்கிறேன். அதோடு முடிப்பதில்லை. 'அந்தக் கத்தலால்தான் டீன் தோற்றார்' என்று யாராவது சொல்வார்கள். அயோவா முடிவு முதலில் வந்ததா, கத்தல் முதலில் வந்ததா என்று கேட்பேன். மூன்றாமிடம் வந்த பிறகுதானே அவர் மேடைக்கே வந்தார்!

தொலைக்காட்சிக்கும் தேர்தலுக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்ததல்ல. 1952இல் ஐசன்ஹோவர் 20 விநாடி விளம்பரங்களில் பொதுமக்கள் கேள்விக்குப் பதில் சொல்வதுபோல் வந்தார். அன்று தொடங்கி வந்த அதிபர் தேர்தல் விளம்பரங்களை நியூயார்க்கில் குவீன்ஸ் பகுதியிலுள்ள மியூசியம் ஆஃப் த மூவிங் இமேஜ் தொகுத்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஆசிரியர்களுக்கு அது ஒரு புதையல்.

அதிலிருந்து நான் தவறாமல் எடுப்பது 1964 செப்டம்பர் 7ஆம் தேதி வந்த ஒரு நிமிட விளம்பரம். ஒரு சின்னப் பெண் குழந்தை பூவின் இதழ்களைப் பிய்த்து எண்ணுகிறாள். எண்ணிக்கை நடுவில் பிசகுகிறது. திடீரென்று ஓர் ஆணின் குரல் பத்திலிருந்து கீழே எண்ணுகிறது. கேமரா குழந்தையின் கண்ணுக்குள் போகிறது. அணுகுண்டு வெடிக்கிறது. பிறகு அதிபர் லிண்டன் ஜான்சனின் குரல். காசு கொடுத்து ஒளிபரப்பியது ஒரே ஒரு தடவை. மற்றதைச் செய்திகளே பார்த்துக்கொண்டன, திரும்பத் திரும்பக் காட்டின.

பிள்ளைகளிடம் கேட்பேன்: எதிர் வேட்பாளர் பேரி கோல்ட்வாட்டர் என்ன தப்புச் செய்ததாக இது சொல்கிறது? ரிமோட்டை வாங்கி இரண்டு தடவை போட்டுப் பார்ப்பார்கள். அவர் பெயரே அதில் வராது! பெயர் இல்லாமல் எப்படி அடி விழுந்தது? அணு ஆயுதத்தைப் போரில் பயன்படுத்தலாம் என்பதுபோல் கோல்ட்வாட்டர் பேசியவை 1964இல் வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அமெரிக்காவும் சோவியத் யூனியனும் அணு ஆயுதப் போரின் விளிம்புக்கே போன கியூபா ஏவுகணை நெருக்கடி வந்து இரண்டு வருடம்கூட முழுதாக ஆகவில்லை, அந்தப் பயமும் மனதில் இருந்தது. விளம்பரத்தின் பாதி திரையில் ஓடியது, மறுபாதி பார்ப்பவர் தலைக்குள் ஓடியது. அந்த மறுபாதி என் மாணவர்களிடம் இல்லை. அதைக் கொண்டுவந்து கொடுக்கத்தான் ஆசிரியர் வேண்டும். ஒரு நிமிட வீடியோவுக்கு எனக்கு மூன்று பீரியட் ஆகிறது.

1960இல் அதிபர் வேட்பாளர்கள் கென்னடியும் நிக்ஸனும் சிகாகோவில் நடத்திய முதல் விவாதத்தைப் பற்றி ஒரு கதை உண்டு. வானொலியில் கேட்டவர்கள் நிக்ஸன் ஜெயித்தார் என்றார்களாம், தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் கென்னடி என்றார்களாம். இந்தக் கதையின் அடிப்படை ஒரு சின்னக் கருத்துக்கணிப்புதான், அதை ஆராய்ச்சியாளர்கள் கேள்வி கேட்டிருக்கிறார்கள். அதனால் கதையைச் சொல்லி முடித்துவிடாமல் வகுப்பிலேயே செய்து பார்ப்போம். பாதிப் பேர் திரைக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும். யார் நன்றாகப் பேசினார் என்று இரு தரப்பும் சீட்டில் எழுதித் தர வேண்டும். முடிவு ஒவ்வோர் ஆண்டும் ஒரே மாதிரி வருவதில்லை, அதுவும் நல்லதுக்குத்தான்.

மாநிலங்களின் சார்பில் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழு எப்படி வேலை செய்கிறது, ஜெயிக்க அதன் 538 ஓட்டில் 270 ஏன் வேண்டும் என்று விளக்கும் மூன்று நிமிட வீடியோக்கள் ஏராளம், பலவும் நன்றாகவே இருக்கின்றன. அவற்றைப் போட்டுவிட்டு நான் ஒரே ஓர் எண்ணைப் பலகையில் எழுதுவேன்: 537. 2000ஆம் ஆண்டில் யார் அதிபர் என்பதைத் தீர்மானித்த புளோரிடா மாநிலத்தில் கிட்டத்தட்ட 60 லட்சம் ஓட்டில் ஜார்ஜ் புஷ் பெற்ற வித்தியாசம் அது. எங்கள் பள்ளிப் பிள்ளைகளே அதைவிட அதிகம்.

உங்களில் சிலர் கேட்கலாம், இவ்வளவு சிரமம் தேவையா, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இணையம் அத்துப்படிதானே என்று. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 3,446 அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் ஒரு மங்கலான வீடியோவைக் காட்டினார்கள். 2016இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் தேர்வில் கள்ள ஓட்டுப் போட்டதற்குச் சாட்சி என்று அதில் சொல்லியிருந்தது. தேடிப் பார்க்க இணையமும் கையில் இருந்தது. பாதிக்கும் மேற்பட்டவர்கள் இது வலுவான ஆதாரம் என்றார்கள். அது ரஷ்யாவில் எடுத்த வீடியோ. அதைக் கண்டுபிடித்தவர்கள் மூன்றே பேர். இந்த எண்ணைப் படித்த அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

அதனால் எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். யார் என்ன துண்டைக் கொண்டு வந்தாலும், எந்தக் கட்சிக்காரர் பேசியதாக இருந்தாலும், அதற்கு முந்தைய ஒரு நிமிடமும் பிந்தைய ஒரு நிமிடமும் சேர்த்துக் கொண்டு வர வேண்டும். 1979 முதல் அமெரிக்க அரசியல் நிகழ்ச்சிகளை வெட்டாமல் ஒளிபரப்பி வரும் சி-ஸ்பான் சேனலின் இணையக் கிடங்கில் பெரும்பாலான பேச்சுகள் கிடைத்துவிடும். நான் யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்று கேட்பார்கள், சொல்ல மாட்டேன். அதைச் சொல்லிவிட்டால் அப்புறம் நான் போடும் ஒவ்வொரு வீடியோவையும் அந்தக் கண்ணாடி போட்டுத்தான் பார்ப்பார்கள்.

இவர்களில் சிலருக்கு நவம்பருக்குள் 18 வயது முடிந்துவிடும், ஓட்டும் போடுவார்கள். போன தேர்தலில் அப்படி முதல் ஓட்டுப் போடவிருந்த ஒரு மாணவியின் பாட்டிக்கு வாட்ஸ்அப்பில் 12 விநாடித் துண்டு ஒன்று வந்திருக்கிறது. ஒரு வேட்பாளர் பேசியது. பாட்டிக்குக் கோபம் தாங்கவில்லை. இவள் முழுப் பேச்சையும் தேடி எடுத்து, இரவு பாட்டியோடு உட்கார்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பார்த்திருக்கிறாள். பாட்டி நடுவிலேயே தூங்கிவிட்டார். மறுநாள் காலை மணி அடிக்கும் முன்பே என் மேசைக்கு வந்து நின்றாள், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "அந்த வாக்கியத்துக்கு முன்னால் ஒரு 'இஃப்' இருக்கு மிஸ், அதை வெட்டிட்டாங்க" என்றாள்.

நன்றி, வணக்கம்.