பொது இடத்தைப் பிரித்து வீட்டுக்குள் சேர்த்துவிடலாமா? நேயர் கேள்விக்குப் பதில்

வணக்கம். போன பேச்சுக்குப் பிறகு வந்த கேள்விகளில் ஒன்று மூன்று நாளாக என்னை விடவில்லை. கேட்டவர் இருப்பது, குறைந்த வருமானக் குடும்பங்களுக்காகக் கட்டிய குடியிருப்பு. மூன்று கட்டடம், நாலு மாடி, மொத்தம் 96 வீடு. நடுவில் ஒரு திடல், கோடியில் ஒரு சமுதாயக் கூடம். திடலில் குப்பை, கூடத்தில் பூட்டு. "பொது இடம் பொது இடம் என்கிறீர்களே, அதையெல்லாம் பிரித்து ஆளுக்குக் கொஞ்சம் வீட்டுக்குள் சேர்த்துக் கொடுத்திருக்கலாமே?" என்கிறார்.

நியாயமான கேள்வி. சின்ன வீட்டில் இருக்கிறவருக்கு ஒரு சாண் இடமும் பெரிதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 500 சதுர அடி வீடு என்று வையுங்கள், 25 அடிக்கு 20 அடி. அதோடு 25 சதுர அடி சேர்த்தால், நீளமான சுவரை ஓர் அடி வெளியே தள்ளி வைத்த மாதிரி. ஒரு பீரோவுக்கு இடம் கிடைக்கும். அதே 25 சதுர அடியை 12 வீடுகள் சேர்த்து வைத்தால் 300 சதுர அடி, நல்ல பெரிய அறை. பிள்ளைகள் படிக்கலாம். ஒரு வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தால் இரவு படுக்கலாம். தையல் இயந்திரம் போட்டுப் பிழைக்கிறவருக்கு வெளிச்சமான ஒரு மூலை கிடைக்கும். இதை எந்த ஒரு வீட்டுக்குள்ளும் தர முடியாது.

நான் 12 வீடு என்றேன், 96 என்று சொல்லவில்லை. தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு இது பழகிய பாட்டு: எத்தனை வீட்டுக்கு ஒன்று? அதை முதலில் கேளுங்கள்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் புரூயிட்-ஐகோ என்று ஒரு குடியிருப்பு. 11 மாடிகள் கொண்ட 33 கட்டடங்கள். 1954-இல் குடியேறத் தொடங்கினார்கள், 1972-இலேயே இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். அங்கே ஆஸ்கர் நியூமன் என்ற கட்டடக் கலைஞர் ஒன்றைக் கவனித்தார். இரண்டு குடும்பங்கள் பகிர்ந்துகொண்ட வாசல்பகுதி பளிச்சென்று இருந்தது. 20 குடும்பங்களுக்குப் பொதுவான நடை மோசம். 150 குடும்பங்கள் புழங்கிய லிஃப்டும் படிக்கட்டும் படுமோசம். மனிதர்கள் அதே மனிதர்கள்தான்! தன் வாசலைப் பெருக்குகிற கை, யாருடையது என்று தெரியாத இடத்தைப் பெருக்கத் தயங்குகிறது.

ஆனால் பழியை வரைபடத்தின் மேல் மட்டும் போடுவதை நான் ஏற்க மாட்டேன். பராமரிப்புச் செலவை வாடகையிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்ற ஏற்பாடு அங்கே. நகரத்தில் மக்கள்தொகை குறைந்தது, வீடுகள் காலியாகின, வாடகை வரவில்லை, பழுது பார்க்கப் பணம் இல்லை. வடிவமைப்பும் பணமும் சேர்ந்து கைவிட்ட இடம் அது.

அப்புறம், எங்கே வைக்கிறோம் என்பது. பல வருஷம் முன்பு நானும் வேலை செய்த ஒரு திட்டத்தில், வீடுகளையெல்லாம் அடுக்கி முடித்த பிறகு ஒரு முக்கோண மூலை மிஞ்சியது. அதில் சமுதாயக் கூடத்தை வைத்தோம். குடியேறி ஒரு வருஷம் கழித்துப் போனேன். கூடம் பூட்டிக் கிடந்தது. ஆனால் ஒரு படிக்கட்டின் அடியில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், யாரோ ஒரு கல் பலகையைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். இரண்டு பாட்டிகள் உட்கார்ந்திருந்தார்கள், பக்கத்தில் ஒரு குழந்தை எழுதிக்கொண்டிருந்தது. தண்ணீர் பிடிக்க வருகிற எல்லாரும் அங்கே ஒரு நிமிஷம் நின்றார்கள். நாங்கள் காட்டியிருக்க வேண்டிய இடத்தை அவர்களே காட்டிவிட்டார்கள். அந்தக் கல் பலகையை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

பொது இடம் போகிற வழியில் இருக்க வேண்டும். தேடிப் போகிற இடமாக இருந்தால் விசேஷ நாளில் மட்டும்தான் போவார்கள். வியன்னாவில் 1930-இல் திறந்த கார்ல் மார்க்ஸ் ஹோஃப் பெரிய குடியிருப்பு, ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம், முதலில் 1,382 வீடுகள். தெருவிலிருந்து நேரே படியேற முடியாது. வளைவு வாசல் வழியாக முற்றத்துக்கு வந்து, முற்றத்திலிருந்துதான் உங்கள் படிக்கட்டுக்குப் போக வேண்டும். துணி துவைக்கும் கூடம், குளியல் கூடம், குழந்தைகள் காப்பகம், நூலகம் எல்லாம் உள்ளேயே. அவ்வளவு பெரிய இடத்திலும் தினசரி வேலைதான் ஆளை ஆளோடு சேர்த்தது. சிங்கப்பூரின் அரசு அடுக்குமாடிகளில் தரைத்தளத்தைத் திறந்தவெளியாக விட்டிருப்பதும் அப்படித்தான். லிஃப்டுக்குப் போகிறவர் அதைக் கடந்தே போக வேண்டும். கல்யாணமும் அங்கே நடக்கிறது, துக்கமும் அங்கே நடக்கிறது.

மறுபடியும் எண்ணிக்கைக்கே வருகிறேன். சிலியில் இகீக்கே நகரில் அலெஹான்ட்ரோ அரவேனா என்ற கட்டடக் கலைஞரின் குழு 2004-இல் முடித்த குடியிருப்பில் சுமார் 100 குடும்பங்கள். ஒரே பெரிய திடலாக விடாமல், ஏறக்குறைய 20 குடும்பத்துக்கு ஒரு முற்றம் என்று பிரித்தார்கள். டென்மார்க்கில் 1978-இல் வந்த டிங்கோர்டன் வாடகைக் குடியிருப்பில் பன்னிரண்டு, பதினைந்து வீட்டுக்கு ஒரு பொது வீடு. அதற்காக ஒவ்வொரு வீட்டின் பரப்பிலும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார்கள். நம் நேயர் கேட்டதற்கு நேர் எதிரான பாதை, பாருங்கள்.

சரி, உங்களுக்கு என்ன செய்யலாம்? "இடத்தைப் பிரிக்கலாமா" என்பதற்கு முன்னால், "சாவி யாரிடம் இருக்கிறது, பல்பு போனால் யார் மாற்றுவது, பணம் எங்கிருந்து வரும்" என்று நீங்கள் கேட்டிருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷமாக இருந்திருக்கும். உங்கள் கூடத்தின் சாவி இருபது நிமிஷப் பயணத்தில் இருக்கிற ஓர் அலுவலகத்தில் தொங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கூடம் எப்படித் திறக்கும்?

நீங்கள் அனுப்பிய படத்தில் 12 படிக்கட்டுகள் தெரிகின்றன. அப்படியென்றால் படிக்கட்டுக்கு 8 வீடு. திடலை இப்போதைக்கு விடுங்கள். உங்கள் படிக்கட்டின் கீழே, வெளிச்சம் விழுகிற பக்கம், நாலு பேர் உட்கார ஒரு திண்ணை மாதிரி போட்டுப் பாருங்கள். எட்டு வீட்டுக்காரர்களையும் கேட்டுவிட்டுப் போடுங்கள். படியில் இறங்குகிறவருக்கு வழி மறிக்கக் கூடாது, சக்கர நாற்காலி திரும்ப இடம் வேண்டும். ஆறு மாதம் கழித்து, அதில் யார் யார் உட்காருகிறார்கள் என்று எனக்கு எழுதுங்கள். திடலை அப்போது பேசலாம்.