பழைய டீ கப்புல அப்படி என்னதான் இருக்கு?

அடுத்த கேள்விக்குப் போவோம். ஒரு சகோதரி கேட்டிருக்காங்க: "1950கள்ல செஞ்ச டீ கப் மூணு வாங்கினேன். மூணும் மூணு விதம், செட் கிடையாது. வீட்ல எல்லாரும் 'இந்தப் பழசை எதுக்குச் சேர்க்கிற'ன்னு கேக்குறாங்க. இதுல நிஜமாவே ஏதாவது இருக்கா? இதுல டீ குடிக்கலாமா?"

இருக்குங்க, நிறைய இருக்கு. உங்க கப் எந்த நாட்டுதுன்னு நீங்க சொல்லல. பிரிட்டன் கப்னு வச்சுப் பேசுறேன், ஏன்னா அங்க நடந்த கதை தெரிஞ்சா அந்தக் கப்பைப் பார்க்குற பார்வையே மாறிடும்.

இரண்டாம் உலகப்போர் நடந்துட்டு இருந்த 1942ல அங்க ஒரு கட்டுப்பாடு வந்துச்சு. உள்நாட்டுல விக்கிற பீங்கான்ல பூவேலை, வண்ண வேலை எதுவும் கூடாது. வேலைப்பாடு உள்ளதெல்லாம் ஏற்றுமதிக்கு. சரி, 1945ல போர் முடிஞ்சுதே, அதோட எடுத்தாங்களான்னா, இல்ல. 1952லதான் எடுத்தாங்க. முழுசா பத்து வருஷம்! அந்தப் பத்து வருஷத்துல புதுசா குடித்தனம் வச்ச ஒரு பொண்ணு கடைக்குப் போனா, பெரும்பாலும் வெறும் வெள்ளைக் கப்தான் கிடைச்சிருக்கும்.

அதுக்கு அப்புறம் வந்த கப்புகளைப் பாருங்க. அணை திறந்த மாதிரி வண்ணம் கொட்டுது. மிட்வின்டர்னு ஒரு கம்பெனி. அங்க ஜெஸ்ஸி டெய்ட்னு ஒரு அம்மா, 1956ல 'ஜாம்பெசி'ன்னு ஒரு டிசைன் போட்டாங்க. வரிக்குதிரை மாதிரி கறுப்புக் கோடு, கூடவே பளிச்சுனு சிவப்பு. அந்தக் கோடெல்லாம் கையால தீட்டினது. ரெண்டு கப்பைப் பக்கத்துல வச்சுப் பாருங்க, கோடு ஒரே மாதிரி இருக்காது. தூரிகை எங்க அழுத்துச்சு, எங்க லேசாச்சுன்னு தெரியும். எனக்கு அந்த இடத்தைப் பார்க்கும்போது, எழுபது வருஷத்துக்கு முன்னாடி வேலை செஞ்ச ஒரு கையைத் தொடுற மாதிரி இருக்கும்.

இதெல்லாம் பணக்காரங்களுக்குன்னு நினைச்சுடாதீங்க. எனிட் சீனின்னு ஒரு டிசைனர் வரைஞ்ச 'ஹோம்மேக்கர்' செட், அந்தக் காலத்து நாற்காலி, சோபா எல்லாம் கறுப்பு வெள்ளையில படமா இருக்கும், அது 1957ல வுல்வொர்த்ஸ் கடையில மலிவு விலைக்கு வந்துச்சு. சாதாரண வீட்டு மேசைக்குன்னே செஞ்சது.

செட் இல்லையேன்னு வருத்தம் வேண்டாம். பின்லாந்துல காய் பிராங்க்னு ஒரு டிசைனர் 1953ல கொண்டுவந்த 'கில்டா' பாத்திரங்களே தனித்தனியா வாங்கி, பிடிச்ச நிறத்தைச் சேர்த்து வச்சுக்கிற மாதிரிதான் வந்துச்சு. மூணு விதமா இருக்கறது குறையே இல்ல.

இனி குடிக்கிற விஷயம். இதை மட்டும் கவனமாக் கேளுங்க. அந்தக் காலத்து மேல்பூச்சுலயும் வண்ணத்துலயும் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. கண்ணால பார்த்து இருக்கா இல்லையான்னு சொல்லவே முடியாது. உள்பக்கம் வண்ணம் இருந்தாலோ, வலை மாதிரி நுண்ணிய கோடு விழுந்திருந்தாலோ, அலமாரியில அழகுக்கு வச்சுக்கோங்க. அந்தக் கோடு ஏன் விழுதுன்னா, உள்ள இருக்கிற களிமண் உடம்பும் மேல இருக்கிற பூச்சும் ஒரே அளவுல விரியாது, சுருங்காது. அந்த இழுபறியில பூச்சு வெடிக்குது. எலுமிச்சை டீ மாதிரி புளிப்பான எதையும் எந்தப் பழைய கப்புலயும் ஊத்தாதீங்க, புளிப்பு ஈயத்தை இழுக்கும். குழந்தைங்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதுல எதுவுமே குடுக்காதீங்க.

தங்க விளிம்பு இருந்தா மைக்ரோவேவ் கூடவே கூடாது. டிஷ்வாஷரும் வேண்டாம், வண்ணம் மங்கிடும். கையால, வெதுவெதுப்பான தண்ணியில கழுவுங்க. டீக்கறைக்குக் கொஞ்சம் சமையல் சோடாவைக் குழைச்சு மெதுவாத் தேய்ச்சாப் போதும்.

அடுத்து வாங்கப் போனா விரல் நகத்தால லேசாத் தட்டிப் பாருங்க. நல்ல போன் சைனான்னா, அதாவது எலும்புச் சாம்பல் கலந்து செஞ்ச மெல்லிய பீங்கான்னா, கணீர்னு ஒரு நாதம் நிக்கும். அதுல டொக்குன்னு செத்த சத்தம் வந்தா எங்கயோ மயிரிழை விரிசல் இருக்கலாம், வெளிச்சத்துல திருப்பிப் பாருங்க.

உங்க மூணு கப்போட அடியில பெரும்பாலும் முத்திரை இருக்கும். அதைப் படம் எடுத்து அனுப்புங்க சகோதரி. எந்தக் கம்பெனி, எந்தக் காலம்னு அடுத்த வீடியோல பார்த்துடலாம்.