21 நாள் என்று நான் சொன்னது தப்பு

எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறேன். உள்ளே கரண்ட் இல்லை. மணி ஆறேகால் ஆகிறது, வெளிச்சம் இருக்கிற வரைக்கும் பேசிவிடலாம். நடுவில் பஸ் ஹார்ன் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மார்கழியில் ஒரு வீடியோ போட்டேன், ஞாபகம் இருக்கிறதா? ‘21 நாளில் கோபத்தை விட்டேன்’ என்று தலைப்பு, என் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் வேறு. இந்தச் சேனலில் அதிகம் பேர் பார்த்தது அதுதான். அதனாலேயே உறுத்துகிறது. அதில் சொன்னதில் பாதி தப்பு. இன்றைக்கு அதைத்தான் பேசப் போகிறேன்.

முதலில் என்ன கோபம் என்று சொல்லிவிடுகிறேன். ரொம்பச் சின்ன விஷயம். ராத்திரி ஒன்பதரை ஆனால் அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) கேட்பார்கள்: “பின்கதவைச் சாத்தியாச்சா?” சாத்தியாச்சு என்பேன். பத்து நிமிஷம் கழித்து மறுபடி, “பின்கதவைச் சாத்தியாச்சா?” மூன்றாவது தடவை கேட்கும்போது நான் கத்திவிடுவேன். “எத்தனை தடவை சொல்றது?” என்று ஆரம்பித்து, சென்னை வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து கிடப்பது வரைக்கும் போய்விடும். அவர்கள் பேசாமல் விசிறியை எடுத்துக்கொண்டு படுக்கப் போய்விடுவார்கள். எண்பது வயது.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் முன்வாசல் ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். முகப்பைத் தாண்டி, நடுவில் முற்றம் உள்ள வளவு, அதைத் தாண்டி இரண்டாங்கட்டு, அப்புறம் அடுப்படி, அதற்கும் பின்னால்தான் அந்தக் கதவு. உட்கார்ந்த இடத்திலிருந்து எட்டிப் பார்க்கிற தூரம் இல்லை. பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, தூணையும் நிலையையும் கழற்றிக் காரைக்குடி பழைய சாமான் கடைகளில் விற்கிறார்கள். அப்பச்சிக்குப் பயம் வருவதில் நியாயம் இருக்கிறது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கத்தினேன் என்பதுதான் விஷயம். புத்திக்குத் தெரிவது நாக்குக்குப் போய்ச் சேர்வதில்லை.

சரி, 21க்கு வருகிறேன். திருக்கார்த்திகையன்று முடிவெடுத்தேன். நகரத்தார் வீடுகளில் அன்றிலிருந்து 21ஆம் நாள் பிள்ளையார் நோன்பு வரும். புதுவேட்டியிலிருந்து ஒரு நாளைக்கு ஓர் இழையாக எடுத்துச் சேர்த்த 21 இழையையும் திரியாக்கி, இனிப்பு மாவில் பிடித்த பிள்ளையாரில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வோம். இழை எடுத்துக்கொள்வது என்போம். சஷ்டியும் சதயமும் கூடுகிற நாள். பௌர்ணமியிலிருந்து அமாவாசைக்குப் பதினைந்து, அங்கிருந்து சஷ்டிக்கு ஆறு. எண் அப்படி வருகிறது. கோபத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நான்தான் இணையத்தில் படித்த ‘21 நாளில் பழக்கம்’ என்பதையும் இதையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டேன். 21 நாளும் கத்தவில்லை. நோன்பன்று இழை எடுத்துக்கொண்ட கையோடு அந்த வீடியோவை எடுத்தேன். மறுநாள் ராத்திரி ஒன்பதே முக்காலுக்குக் கத்தினேன். வீடியோ அப்போது அப்லோட் ஆகிக்கொண்டிருந்தது.

அப்புறம்தான் இந்த 21 எங்கிருந்து வந்தது என்று தேடினேன். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்று ஓர் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன். அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குக் கண்ணாடியில் தெரிகிற புது முகம் பழகுவதற்குக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று கவனித்து, 1960இல் எழுதினார். ‘குறைந்தது’ என்ற சொல் வாய்க்கு வாய் போனதில் உதிர்ந்துவிட்டது. நானும் உதிர்த்தவன்தான்.

உண்மையிலேயே எத்தனை நாள் என்று எண்ணிப் பார்த்தவர்கள் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் கூட வேலை செய்தவர்களும். 96 பேர், 84 நாள். சாப்பாட்டோடு ஒரு பழம், ஒரு டம்ளர் தண்ணீர், ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் கொஞ்சம் ஓட்டம் என்று ஆளுக்கு ஒரு காரியம். யோசிக்காமல் தானாகச் செய்கிற நிலைக்கு வர நடுமதிப்பாக 66 நாள் ஆனது. ஒருவருக்கு 18, இன்னொருவருக்கு 254. ஆய்வே 84 நாள்தானே என்று கேட்பீர்கள். அந்த 254, பழக்கம் நாளாக நாளாக ஏறுவதைக் காட்டுகிற வளைகோட்டை 84 நாளுக்கு மேலும் நீட்டிக் கணக்குப் போட்டு வந்தது. இது கோபத்தைப் பற்றிய ஆய்வும் இல்லை. பழம் சாப்பிடுவதற்கே இந்தப் பாடு என்றால் என் கதியை யோசித்துக்கொள்ளுங்கள்.

அதில் எனக்கு ஒட்டிக்கொண்ட விஷயங்கள் இரண்டு. நடுவில் ஒருநாள் விட்டுப்போனால் பெரிதாக ஒன்றும் கெடவில்லை. இது ஒன்று. அப்புறம் அந்த வளைகோடு ஆரம்பத்தில் விறுவிறு என்று ஏறும், போகப் போகப் படுத்துவிடும். முதல் இரண்டு வாரம் ‘அடடா, மாறிவிட்டேன்’ என்று இருப்பதும், அப்புறம் மாதக்கணக்கில் ஒன்றுமே நகராத மாதிரி இருப்பதும் அதனால்தான். நான் வீடியோ எடுத்தது அந்த விறுவிறுப்பில்.

இப்போது என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன். பத்து வரை எண்ணிப் பார்த்தேன். எண்ணி முடித்துவிட்டுக் கத்தினேன். மூச்சுப் பயிற்சி ஆப் ஒன்று போட்டேன், அது மணி அடித்ததில் அப்பச்சி “யார் போன்?” என்றார்கள். கடைசியில் பீட்டர் கோல்விட்சர் என்கிற உளவியலாளர் 1999இல் எழுதிய ஒன்று கைகொடுத்தது. ‘இனிமேல் கோபப்பட மாட்டேன்’ என்கிற மாதிரி மொட்டையாக உறுதி எடுக்காதே, ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வை என்கிறார். என் முடிச்சு இது: அப்பச்சி கேட்டால், பதில் சொல்ல மாட்டேன், எழுந்து நடப்பேன்.

நடப்பது என்றால் நிஜமாகவே நடப்பது. முகப்பிலிருந்து இறங்கி வளவைச் சுற்றிப் போவேன். இருட்டில் கையைச் சுவரில் வைத்துக்கொண்டே போவேன். முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு, வைகாசி வெயிலிலும் ஜில்லென்று இருக்கும், விரல் வழுக்கிக்கொண்டு போகும். ஒரு இடத்தில் மட்டும் ஆணி அடித்த பொத்தல் இருக்கிறது, அங்கே விரல் தட்டும். காலுக்குக் கீழே ஆத்தங்குடிக் கல். கண்ணாடி மேல் வண்ணச் சிமெண்ட் ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டுத் தண்ணீரில் ஊறவைத்துக் கையாலேயே செய்கிற கல், சூளையில் சுடுவது கிடையாது. நடக்க நடக்க மினுக்கம் ஏறும். எங்கள் வீட்டில் ஆள் நடக்கிற தடம் மட்டும் பளபளவென்று இருக்கிறது, ஓரமெல்லாம் மங்கல். இதை வைத்து ஒரு தத்துவம் சொல்லிவிடலாம், மார்கழி வீடியோவில் சொல்லியும் விட்டேன். விடுங்கள். இரண்டாங்கட்டு, அடுப்படி, பின்கதவு. தாழ்ப்பாளில் கையை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, “சாத்தியிருக்கு அப்பச்சி” என்பேன். போய்வர இரண்டு நிமிஷம். அதற்குள் சுள்ளென்று ஏறினது இறங்கிவிடும்.

ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். இப்படி நடந்ததில் இரண்டு ராத்திரி தாழ்ப்பாள் போடாமலேதான் இருந்தது.

கத்திவிட்ட நாளில் படுத்துக்கொண்டு அதையே ஓட்டிப் பார்க்கிற வழக்கமும் எனக்கு உண்டு. அவர்கள் கேட்டது, நான் சொன்னது, இன்னும் சுருக்கென்று எப்படிச் சொல்லியிருக்கலாம் என்பது. மனத்தைக் கொட்டிவிட்டால் ஆறிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிராட் புஷ்மேன் என்பவர் 2002இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தச் சொன்னதில் கோபம் கூடியது, சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் குறைவாக இருந்தது. அப்படியென்றால் நான் படுக்கையில் செய்துகொண்டிருந்தது மறுநாளைக்கான ஒத்திகை. இதை விடுவது கத்துவதை விடுவதைவிடக் கஷ்டம். இன்னும் விடவில்லை. ஓட ஆரம்பித்ததைக் கண்டால் எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கிறேன், அவ்வளவுதான் இப்போதைக்கு.

நான் ரொம்ப நொந்துபோனது மாசியில். அப்பச்சி இரண்டு வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தார்கள். அதற்கு முன் தொடர்ந்து பதினெட்டு நாள் நான் கத்தவில்லை. திரும்பி வந்த முதல் ராத்திரி, முதல் கேள்விக்கே, மூன்றாவது வரைக்கும்கூடக் காத்திருக்காமல் கத்திவிட்டேன். பை இன்னும் வளவில்தான் கிடந்தது. எல்லாம் போச்சு, தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சொன்னவர்கள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

பாவ்லோவின் நாய்கள் தெரியும்தானே, பள்ளிக்கூடப் புத்தகத்தில் வரும். சத்தம் கேட்டால் உமிழ்நீர் ஊறும். சாப்பாடு கொடுக்காமல் சத்தத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கொடுத்தால் ஊறுவது நின்றுபோகும். புத்தகத்தில் அதோடு விட்டுவிடுவார்கள். கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி சத்தம் கொடுத்தால், நின்றுபோனது திரும்ப ஊறியது என்பதையும் பாவ்லோவே பார்த்திருக்கிறார். பழையது அழிந்திருக்கவில்லை, அதன் மேல் புதியது படிந்திருந்தது, அவ்வளவுதான். நாய்க்கும் எனக்கும் ஒரே கணக்கு என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த மாசி ராத்திரிக்கு எனக்குக் கிடைத்த விளக்கங்களில் ‘நீ மோசமான பிள்ளை’ என்பதைவிட இது பரவாயில்லை. திரும்ப நின்று போவதற்கு இந்தத் தடவை நாலு நாள்தான் ஆனது.

இதோ பாருங்கள், நாள்காட்டி. கேமராவில் தெரிகிறதா? நடந்த நாளுக்குக் கோடு, கத்தின நாளுக்கு வட்டம். தை மாதத்தில் வட்டம் ஒன்பது. பங்குனியில் ஐந்து. சித்திரையில் ஏழு, ஏன் ஏறியது என்று கேட்காதீர்கள், வெயில் என்றுதான் சொல்வேன். இந்த மாதம் இதுவரைக்கும் மூன்று. கார்த்திகையிலிருந்து கிட்டத்தட்ட ஐந்தரை மாதம் ஆகிறது. கமென்ட்டில் ‘எனக்கு 21 நாளில் வரவில்லை, என்னால் முடியாது போல’ என்று எழுதியவர்கள் நிறையப் பேர். என்னை மன்னித்துவிடுங்கள். உங்களிடம் குறை ஒன்றும் இல்லை, என் தலைப்பில்தான் இருந்தது. அந்த வீடியோவை எடுத்துவிடவில்லை, தலைப்பை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

வெளிச்சம் போகிறது. மூன்றாவது வட்டம் நேற்றுப் போட்டது. கரண்ட் வந்தால் இதை எடிட் பண்ணிப் போடுவேன், வராவிட்டால் நாளைக்கு. ஒன்பதரைக்கு எழுந்து நடக்க வேண்டும், டார்ச்சைத் தேடி வைக்கிறேன்.